குடும்ப டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



ஒரு லோடு துவரம்பருப்பு வந்து நிற்கிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டை இறங்குமுன் இரண்டு மூன்றில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி ஊதிப் பார்க்கிறோம். பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். அனுப்பியவரின் போன தடவைச் சரக்கு எடை எப்படி நின்றது என்று பேரேட்டைப் புரட்டுகிறோம். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசம் என்றால் அகோலா வரை போன் போட்டுப் பேசுகிறோம். அதே நாம், உடம்புக்கு ஒன்று என்றால் பக்கத்து மருந்துக் கடையில் நிற்கும் பையனிடம், "தம்பி, முழங்கால் வலிக்குது, ஏதாவது கொடு" என்று கேட்டு, அவன் கொடுத்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறோம்.

பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு வருடம் நாமே இப்படித்தான் நடந்தோம். அதற்கான விலையையும் கொடுத்தோம். அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2016ஆம் ஆண்டு நமக்கு வயது 58. பிரஷர் ஏற்கெனவே உண்டு; அதற்கு மதுரையில் ஒரு டாக்டர். சுகர் இருப்பது ஒரு முகாமில் தெரிந்தது. அங்கே எழுதிக் கொடுத்த சீட்டையே காட்டி மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொண்டிருந்தோம். முழங்கால் வலி வந்தபோது அதற்கென்று ஒரு டாக்டரைப் பார்க்க நேரமில்லை என்று நினைத்தோம். மருந்துக் கடைத் தம்பி, "அண்ணாச்சி, இதைப் போடுங்க, உடனே கேட்கும்" என்றான். உண்மையிலேயே கேட்டது. காலையில் ஒன்று, சீசன் நாட்களில் இரவிலும் ஒன்று. வத்தல் சீசனில் மண்டியில் நின்றே ஆக வேண்டும், மாத்திரை இல்லாமல் நிற்க முடியவில்லை. இப்படி இரண்டு வருடம் ஓடியது.

2018ல் கணுக்காலில் வீக்கம். காலையில் எழுந்தால் முகமும் கொஞ்சம் உப்பியிருக்கும். நாள் முழுக்க நிற்பதால் என்று நாமே முடிவு கட்டிக் கொண்டோம். மருமகள் விடவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் ஒரு வயதான எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சளி, காய்ச்சலுக்கு மட்டும் போதுமானவர் என்று நாம் இருபது வருடமாக நினைத்திருந்தவர் அவர். அவர் முதலில் சொன்னது, "ஐயா, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்பதுதான். கொண்டு போனதும் மேசையில் கொட்டி, வகைவகையாகப் பிரித்தார். வலி மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்து, "இதை யார் எழுதிக் கொடுத்தது? எத்தனை நாளாக?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்ல வெட்கமாகப் போய்விட்டது.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.9 வந்தது. ஆண்களுக்கு அது சுமார் 1.3க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அவர் விளக்கியது இதுதான்: இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரையும் ஏற்றும். சுகரும் பிரஷரும் உள்ளவர்கள் இதை நாள்கணக்கில் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். மதுரை டாக்டரோ பிரஷர் இறங்கவில்லை என்று இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். அவர் மேல் தவறில்லை. வலி மாத்திரை சாப்பிடுவதை நாம் அவரிடம் சொல்லவே இல்லை. மூன்று கணக்குப்பிள்ளைகள் மூன்று பேரேடு எழுதி, ஐந்தொகை போட மட்டும் ஆளில்லாத கடை எப்படி இருக்கும்? நம் உடம்பு அப்படி இருந்தது.

ஆகவே பெரிய நிபுணர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்கும் முன்பு, நம் உடம்பின் முழுக் கணக்கையும் அறிந்த ஒரு டாக்டர் நமக்கு வேண்டும். முன்பு இவரைக் குடும்ப டாக்டர் என்போம். எம்.பி.பி.எஸ். படித்தவராக இருந்தாலே போதும். பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவராக இருந்தால் சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் நல்லது. அவருடைய நேரமும் நம் நேரமும் ஒத்து வரவேண்டும். நம்மில் பலர் கடை அடைக்கவே இரவு ஒன்பதரை ஆகிறது. மாலை ஏழு மணிக்கு மூடிவிடும் கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தால் போகவே மாட்டோம். மதியம் கடையில் ஆள் குறைவாக இருக்கும் வேளையில் பார்ப்பவர் கிடைத்தால் நல்லது.

நல்ல டாக்டர் என்பதை எதைக் கொண்டு அறிவது? கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாம் பார்த்தவரை சில அடையாளங்களைச் சொல்கிறோம். முதல் தடவை போகும்போது, ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று அவர் கேட்க வேண்டும். கையை வைத்துப் பரிசோதிக்க வேண்டும். சுகர்க்காரர் என்றால் என்றைக்காவது ஒரு நாள் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கண் விழித்திரைக்கும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதற்கும், கிரியாட்டினினுக்கும் பரிசோதனை எழுதித் தர வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சுகர் அன்றைய கல்லா மாதிரி, எச்.பி.ஏ.1.சி. என்பது காலாண்டுக் கணக்கு. முதல் நாள் இரவு பட்டினி கிடந்து முந்தையதை ஏமாற்றலாம். பிந்தையதை ஏமாற்ற முடியாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. "இது என் கைக்கு மீறியது, இன்ன டாக்டரிடம் போங்கள்" என்று தயங்காமல் சொல்பவராக இருக்க வேண்டும். எல்லா நோய்க்கும் தன்னிடமே மருந்து உண்டு என்பவரிடம் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. எங்கள் கடையில் இல்லாத சரக்கை எதிர்க்கடையில் வாங்கிக் கொள்ளுங்கள் என்று சொல்லும் வியாபாரிக்குத்தான் வாடிக்கையாளர் நிலைக்கிறார் என்பது நமக்குத் தெரியாததா?

அடுத்தது பெயர்ப் பலகை. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாத சரக்கை நாம் வாங்குவதில்லை. உணவுப் பொருள் பாக்கெட்டில் லைசென்ஸ் எண் இல்லையென்றால் அதிகாரி வந்து அபராதம் போடுகிறார். அதேபோல ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதி. முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் 2020ல் கலைக்கப்பட்டுத் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகும் இந்த விதி தொடர்கிறது. நம் மாநிலத்தில் பதிவு செய்வது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அதன் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால் அவர் பதிவு பெற்றவரா என்பது தெரிந்துவிடும். நமக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். எண் இல்லாமல், பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகளை வரிசையாக எழுதிக் கொண்டவர்களிடம் ஊசி போட்டுக்கொள்வது பெரிய ஆபத்து.

பட்ட எழுத்துகளையும் கொஞ்சம் தெரிந்து கொள்வோம். எம்.பி.பி.எஸ். அடிப்படை. அதற்கு மேல் மருந்து வைத்தியத்தில் எம்.டி., அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ்., இரண்டுக்கும் இணையாக டி.என்.பி. உண்டு. அதற்கும் மேல் இதயம், சிறுநீரகம், நரம்பு என்று ஒன்றில் மட்டும் படித்தவர்களுக்கு டி.எம். அல்லது எம்.சிஎச். இருக்கும். எம்.டி. என்று மட்டும் போட்டிருந்தால் எதில் எம்.டி. என்று பார்க்க வேண்டும். தோல் வைத்தியத்திலும் எம்.டி. உண்டு, மயக்க மருந்திலும் உண்டு. சித்த வைத்தியத்துக்கு பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ்., ஹோமியோபதிக்கு பி.எச்.எம்.எஸ். என்று முறையான பட்டங்கள் உள்ளன. நம்மில் பலருக்குச் சித்த வைத்தியத்தில் பற்று உண்டு; நமக்கும் உண்டு. எந்த முறையில் படித்தாரோ அந்த முறை வைத்தியத்துக்கு அவரிடம் போவதே சரி. 1996ல் உச்சநீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கில், ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோனார். தான் படிக்காத முறையில் வைத்தியம் செய்ததே அலட்சியம்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு முறை மருந்தும் ஒரே சமயத்தில் சாப்பிடுகிறவர்கள் இரண்டு வைத்தியரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்த நோய்க்கு எந்த டாக்டர் என்பதில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது சிறுநீரகத்தில்தான். கல், புரோஸ்டேட் வீக்கம், சிறுநீர் அடைப்பு இவற்றுக்கு யூராலஜி டாக்டர். அவர் அறுவைச் சிகிச்சை செய்பவர். கிரியாட்டினின் ஏறுவது, சிறுநீரகம் செயலிழப்பது இவற்றுக்கு நெஃப்ராலஜி டாக்டர். வருடக்கணக்கில் நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக் கொண்டவர்கள் நரம்பு டாக்டரிடம் போகிறார்கள். அது உண்மையில் ரத்தக்குழாய் புடைப்பு. அதற்கு ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். வத்தல், மல்லி மண்டியில் தூசியோடு புழங்கும் நமக்கும் நம் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் இருமல் புதிதல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருமினால் மிளகாய் நெடி என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று வந்தால் மருந்தும் இலவசம்.

இனி அவசர நேரம். நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எண்ணெய் வியாபாரி; நம்மைவிட நாலு வயது இளையவர். விடியற்காலை கடை திறக்கும்போது நெஞ்சில் பாரம், வியர்வை. வாயு என்று சொல்லி ஒரு சோடா குடித்தார். கேட்கவில்லை. ஓமத் தண்ணீர் குடித்தார். பத்து மணிக்கு வரவேண்டிய லாரியை இறக்கிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. இன்று மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கடையை மகன் பார்க்கிறார்.

மாரடைப்பில் அடைபட்ட குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை பிழைக்கும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், வியர்வையும் சோர்வும் மூச்சுத் திணறலும் மட்டும் வருவதுண்டு. வாய் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சுக் குழறுவது இவையெல்லாம் பக்கவாதம். ரத்தக் கட்டியால் வந்ததென்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் டாக்டரை விசாரித்துத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடையாது. ஆகவே நல்ல நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இரவு இரண்டு மணிக்கும் டாக்டர் இருந்து ஈ.சி.ஜி. எடுக்கும் இடம் எது? ஆஞ்சியோ செய்யும் வசதி எங்கே இருக்கிறது? ஸ்கேன் எங்கே? விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். முதலில் உள்ளூரில் ஈ.சி.ஜி. எடுத்து முதல் மருந்தைப் போட்டுக்கொண்டு போவதா, நேரே போவதா என்று நம் குடும்ப டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். 108க்குச் சொல்வது காரை எடுப்பதைவிட நல்லது. வண்டிக்குள்ளேயே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு.

அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம் வணிகர்களிடம் உண்டு. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தனியார் இடத்தில் தனித்தனியே கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டிய பல துறை டாக்டர்கள் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டும், அது உண்மை. கடை ஆட்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலாளிகள் ஒரு நாள் விசாரித்து, இல்லாதவர்களுக்கு எடுக்க உதவி செய்தால், அவசரத்தில் நம்மிடம் கடன் கேட்டு அவர்கள் நிற்க வேண்டி வராது.

பெரிய ஆபரேஷன் என்று ஒருவர் சொன்னால், அவசரம் இல்லாதவரை, இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. முதல் டாக்டருக்குக் கோபம் வருமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டாவது டாக்டரை முதல் டாக்டரோ அவருடைய ஆட்களோ சொல்லி அனுப்பியதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும், மருந்தில் பார்க்க முடியுமா, என்ன ஆபத்து, மொத்தம் எவ்வளவு செலவு, கூடுதல் நாள் தங்கினால் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக் கொள்ள வேண்டும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் நம்முடையவை. உள்நோயாளியாக இருந்தவர் தன் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு விதிதான். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கமிஷன் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் கமிஷன் மண்டிக்காரர்கள். நூற்றுக்கு எவ்வளவு என்பதைச் சிட்டையில் எழுதி விவசாயி கையிலேயே கொடுக்கிறோம். ஒரு நோயாளியை அனுப்பியதற்காகவோ பரிசோதனைக்கு எழுதியதற்காகவோ டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் விதிப்படி தடை செய்யப்பட்டது. நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டோம். இன்ன லேபில்தான் எடுக்க வேண்டும், வேறு இடத்து அறிக்கையைப் பார்க்கவே மாட்டேன் என்று ஒருவர் வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். தரமான காரணம் சொன்னால் சரி. அதற்காக எழுதிய எல்லாப் பரிசோதனையும் கமிஷனுக்குத்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. நம் கிரியாட்டினினைக் கண்டுபிடித்ததும் அப்படி ஒரு பரிசோதனைதான்.

கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995ல் தீர்ப்பளித்தது. இப்போது 2019ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ரசீதும் மருந்துச் சீட்டும் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. கிளினிக்கில் பில் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். நம்மிடம் பில் கேட்காத வாடிக்கையாளரை நாம் என்ன நினைக்கிறோம் என்பது நமக்கே தெரியும்! வைத்தியம் பலிக்காமல் போவதெல்லாம் அலட்சியம் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் விஷயத்துக்கு வருவோம். வலி மாத்திரையை அன்றே நிறுத்தினோம். தெரு டாக்டர் மதுரைக்கு ஒரு நெஃப்ராலஜி டாக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கிரியாட்டினின் 1.5க்கு இறங்கி, பல வருடமாக அங்கேயே நிற்கிறது. போன பகுதி திரும்பாது. மிஞ்சியதைக் காப்பாற்ற வேண்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறோம். இடது பக்கம் தேதி, பிரஷர், சுகர், கிரியாட்டினின். வலது பக்கம் யார் என்ன மருந்தை எப்போது கூட்டினார், குறைத்தார் என்று. எங்கே போனாலும் அது கூடவே வருகிறது. பல் டாக்டர் கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் வலிக்கு மருந்து எழுதினார்.

முழங்காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த டாக்டர் ஒரு நாள் மண்டிக்கே வந்துவிட்டார், வீட்டுக்கு மல்லி வாங்க. நாற்பது வருடமாகத் திண்டில் சாய்ந்து சம்மணம் போட்டுக் கணக்கு எழுதும் நம் இடத்தைப் பார்த்தார். "ஐயா, முதலில் இதை மாற்றுங்கள்" என்றார். நாற்காலியும் மேசையும் போட்டோம். தொடைத் தசைக்கு அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைக் காலையில் பதினைந்து நிமிடம் செய்கிறோம். ஆறு கிலோ குறைத்தோம். வலி இருக்கிறது, ஆனால் மாத்திரை இல்லாமல் வத்தல் சீசனில் நிற்க முடிகிறது. அந்த மேசையைப் பார்த்தால் பாங்க் மானேஜர் மாதிரி இருக்கிறது என்று சுமைக்காரர்கள்தான் இன்னும் சிரிக்கிறார்கள்.